அம்மா தைத்துவிட்ட ஸ்போரன்

நனைந்த குதிரைமயிர் காயும்போது எழும் மணத்தை அறிந்தவர்கள் எங்கள் ஆட்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மழையில் நனைந்த கம்பளியையும் பழைய தோல்செருப்பையும் ஒரு மூலையில் ஒன்றாகப் போட்டு மறந்துவிட்டால் வருமே, அப்படிச் சற்றுப் புளித்த மணம் அது. ஜெர்மனியின் எசன் நகரில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் குளியலறைக் கம்பியில் அது தொங்கிச் சொட்டுப் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்துச் சமையலறையில், எங்கள் "குசினி"யில், அம்மா தூளுக்கு மிளகாய் வறுக்க, இரண்டு மணமும் கலந்து இரண்டு கோடைகாலங்கள் எங்கள் வீட்டை நிறைத்திருந்தன. இன்றும் மழை நாளில் நெரிசலான டிராமில் யாருடைய ஈரக் கோட்டாவது மூக்கருகே வந்தால், என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு இறங்குகிறது.

தொங்கியது ஒரு ஸ்போரன். ஸ்கொட்லாந்துக்காரர்கள் அணியும் கில்ட் என்ற மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடையில் சட்டைப்பை கிடையாது. அதற்கு ஈடாக, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையிலும் சங்கிலியிலும் கோத்து, முன்பக்கம் தொங்கவிடும் பை இது. என்னுடையது வாத்தியக் குழுக்கள் அணிகிற பெரிய வகை. மேலே வெள்ளி நிறத்தில் அரைவட்டமான உலோகத் தகடு. அதன் கீழே முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் குதிரைமயிர். நடுவே இரண்டு கறுப்புக் குஞ்சங்கள். அம்மா அதை "மடிப்பை" என்பார். அப்பா அதற்கு "வெள்ளாடு" என்று பெயர் வைத்திருந்தார். அணிவகுப்பு நாள் காலைகளில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பிள்ளை, வெள்ளாட்டைக் கட்டியாச்சோ?" என்பதாகத்தான் இருக்கும். உண்மையில் ஆட்டோடு கட்டப்பட்டிருந்தது நான்.

யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு எசனில் வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பெண், ஸ்கொட்லாந்தைக் கண்ணால் கண்டிராத ஜெர்மானியர்கள் நடத்திய ஒரு பைக்குழல் வாத்தியக் குழுவில் மேளம் அடிக்கப் போன கதைக்கு, கீழ்மாடியில் இருந்த ஃப்ராவ் கெஸ்லரை, அதாவது திருமதி கெஸ்லரைத்தான் காரணம் சொல்ல வேண்டும். அவர் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. குழுவின் உடைகளும் மேளங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. நான் மிகச் சிறியவளாக இருந்தபோது, இந்த நாட்டில் தங்குவதற்கு நாங்கள் போட்ட "அன்ட்ராக்", அதாவது விண்ணப்பம், ஒருமுறை மறுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தைப் படிகளில் நின்றபடியே அப்பா அவரிடம் காட்ட, அவர் இரண்டு கடிதங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதோடு, அடுத்த சந்திப்புக்குக் குறித்த "டெர்மின்" அன்று அலுவலகத்துக்கும் கூடவே போய் அப்பாவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு எங்களுக்கு விசா கிடைத்தது. அன்றிலிருந்து, படிகளில் ஃப்ராவ் கெஸ்லரின் காலடிச் சத்தம் கேட்டால், மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் அப்பா எழுந்து நிற்பார்.

ஒருநாள் நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்தருகே ஃப்ராவ் கெஸ்லர் அப்பாவிடம் சொன்னாராம்: உங்கள் மகள் எப்போதும் படிக் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டே போகிறாள், எங்கள் குழுவில் ஒரு மேளக்காரர் குறைகிறார், அவளுக்கு விருப்பமா? அப்பா யோசிக்கவே இல்லை. "யா, யா, கேர்ன" என்றார். ஓம், ஓம், சந்தோசமாக என்று அர்த்தம். விடுமுறை நாளில் வேலைக்கு வர முடியுமா என்று முதலாளி கேட்டாலும், ஊருக்குப் போகும் பக்கத்து வீட்டார் தங்கள் பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும், அப்பாவிடம் அந்த ஒரே பதில்தான் இருந்தது. நான் கைப்பிடியில் தட்டியது தாளத்துக்காக அல்ல. படிகளை எண்ணுவதற்காக. ஐம்பத்து நான்கு படிகள். ஆறாவதும் முப்பத்தொன்றாவதும் தளர்ந்தவை. அதை ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அப்பா மேலே ஏறி வருவதற்குள் நான் மேளக்காரி ஆகியிருந்தேன்.

மேளம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று சொன்னால் அது பொய்யாகும். எண்ணுகிறவளுக்கு மேளம் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் உடையில்தான்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எசனிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் கலியாணமோ, பெண்பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீடோ என்றால், பெண்ணுக்குச் சேலை உடுத்திவிட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கைப்பையில் எந்நேரமும் ஒரு டப்பா ஊக்குகளும், நூலும், ஊசியும், வளைந்த சிறு கத்தரிக்கோலும் இருக்கும். "நான் உடுத்திவிட்ட சீலை இண்டைவரைக்கும் ஒரு நூல் நழுவினதில்லை" என்று அவர் சொல்வதில் தற்பெருமை இல்லை. அது வெறும் தகவல். ஃப்ராவ் கெஸ்லர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை அம்மா கட்டிலில் பிரித்துப் போட்டு, கில்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஏற்கனவே மடிப்பு வைத்துத் தைத்திருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. "கெட்டிக்காரர்தான், கொசுவத்தைத் தைச்சே விட்டிட்டினம்" என்றவர், ஒரு நொடியும் தயங்காமல் அந்தக் கொசுவத்தை எனக்கு முன்பக்கம் வரும்படி சுற்றிக் கட்டினார். கொசுவம் வேறெங்கே வரும்? அதன்மேல் ஸ்போரனை, மணப்பெண்ணுக்கு ஒட்டியாணம் கட்டுவதுபோல, இடுப்புக்கு மேலே இழுத்து இறுக்கினார். உள்ளே ஒரு விபூதிப் பொட்டலமும் இரண்டு டொபியும் வைத்து மூடினார்.

படிகளில் இறங்கிவந்த என்னைக் கண்டதும் ஃப்ராவ் கெஸ்லர் சிரித்த சிரிப்பு அந்தக் கட்டடத்தின் நிலவறை வரைக்கும் போயிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கில்ட்டின் மடிப்பு பின்பக்கம் வரவேண்டும், தட்டையான பாகம்தான் முன்னால் என்று சொல்லி, என் தோள்களைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணாந்து பார்த்தேன். வாயில் ஒரு ஊக்கைக் கவ்வியபடி அம்மா மேல்படியில் நின்றார்.

"என்னவாம்?"

"வடிவா இருக்காம். ஆனால் பின்பக்கம் முன்னுக்கு வரவேணுமாம்."

"உவக்கு ஏன் சிரிப்பு வந்தது?"

"அது வேற விசயம் அம்மா."

எங்கள் வீட்டில் ஜெர்மன் மொழி என் வழியாகத்தான் உள்ளே வரும், என் வழியாகத்தான் வெளியே போகும். வரும்போதும் போகும்போதும் அதன் முட்களை ஆய்ந்துவிடுவது என் வேலை என்று எனக்கு நானே தீர்மானித்திருந்தேன். அன்று அம்மா நம்பினாரோ இல்லையோ, அதற்குப் பிறகு படியில் ஃப்ராவ் கெஸ்லரைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஸ்போரனை எனக்கு முன் அணிந்தவர் பருத்த மனிதர். பட்டையின் கடைசித் துளையில் பூட்டினாலும் எனக்கு அது தொளதொளவென்று தொங்கியது. முதல் கோடையில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில், ஈரம் குடித்துக் கனத்த வெள்ளாடு மெல்ல மெல்ல இறங்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. மேளத்தை விடவும் முடியாமல் பையை விடவும் முடியாமல், ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடித்தபடி நான் நடந்தேன். சனம் கைதட்டிச் சிரித்தது. அதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வாரம் தமிழ்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, நான்கு பேர் கேட்க அம்மாவிடம் கேட்டார்: "உங்கட மகளுக்கு ரோட்டில உடுப்பு கழண்டு விழுந்ததாமே? நீங்கள்தானே உடுத்திவிட்டனீங்கள்?"

அம்மா கத்தரிக்காயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த அணிவகுப்பு நாளில், கில்ட்டை எனக்குச் சுற்றி, வார்களைப் பூட்டி, ஸ்போரனை இடுப்புக்கு மேலே உயர்த்தி, மிஞ்சிய பட்டையை மடித்து இறுக்கி, நீல நூலை இரட்டையாகக் கோத்து, என்மேல் இருக்கும்போதே பட்டையையும் பையையும் கில்ட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டார். வார்ப்பூட்டுகளின் மேலும் இரண்டு தையல். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "இனி நீ பெல்டி அடிச்சாலும் விழாது" என்றார்.

விழவில்லைதான். அன்றிலிருந்து ஒவ்வொரு அணிவகுப்புக்கும் காலையில் என்னைத் தைத்து அனுப்பி, மாலையில் வந்தபின் பிரித்து எடுப்பார். இடைப்பட்ட எட்டு ஒன்பது மணி நேரம் நான் உள்ளே.

என் கொப்பியில் அப்போது எழுதியது இன்னும் இருக்கிறது. முதலாவது, உட்கார முடியாது. உட்கார்ந்தால் தகட்டின் விளிம்பு வயிற்றில் ஏறும். இரண்டாவது, குனிய முடியாது. சப்பாத்து நாடா அவிழ்ந்தால் வேறொருவரைக் கேட்க வேண்டும். மூன்றாவது, சாப்பிட முடியும், ஆனால் பாதி. நான்காவது, இடது காலை எடுத்து வைக்கும்போது மேளத்தின் கீழ் விளிம்பு தகட்டில் இடிக்கும். தகடு என்னில் இடிக்கும். வலது காலுக்கு இடி இல்லை. ஐந்தாவதாக எண் மட்டும் போட்டுவிட்டு எதையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். என்ன எழுத நினைத்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: யாரிடமும் சொல்ல முடியாது. கொப்பியை யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் அதை எழுதவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணங்கள் இருந்தன. வலிக்கிறது என்று சொன்னால், தையல் பிழை என்றாகும். கத்தரிக்காய்க் கூடையருகே நின்ற அம்மாவின் முகத்தை நான் பார்த்திருந்தேன். எனக்கு இந்தக் குழுவே வேண்டாம் என்று சொன்னால், நிலவறையில் அப்பா கொடுத்த வாக்கு பொய்யாகும். அந்த இரண்டு கடிதங்களை நாங்கள் மறந்துவிட்டோம் என்றாகும். ஒருபக்கம் அம்மாவின் நூல், மறுபக்கம் அப்பாவின் "கேர்ன". இரவில் கழற்றிய பிறகு, வயிற்றில் பிறை மாதிரி ஒரு சிவந்த தடம் பதிந்திருக்கும். அடுத்த அணிவகுப்புக்குள் மங்கும், மறுபடி சிவக்கும்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் இதைப் பற்றி வேறு விதமான அக்கறைகள் இருந்தன. "ஸ்கொட்லாந்து அக்கா வாறா, வழி விடுங்கோடி!" என்பாள் ஒருத்தி. "உன்ர பைக்குள்ள என்ன, முறுக்கோ?" என்பாள் இன்னொருத்தி. விபூதி என்று உண்மையைச் சொன்னதுதான் நான் செய்த தவறு. அதன்பிறகு அந்த வருடம் முழுக்க, மேளம் அடித்துச் சாமி பார்க்கிறவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

இரண்டாம் கோடையின் தொடக்கத்தில், பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு, சனிக்கிழமை காலைகளில், பக்கத்து இளைஞர் நிலையத்தில் மின்சுற்றுகள் செய்யப் பழக்கும் வகுப்பு. ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டலாம். ஒரு சின்னக் கருவியை நீங்களே செய்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இடங்கள் பன்னிரண்டு, கையெழுத்திட்ட படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தாளின் முன் நான் நின்றதுபோல அதற்குமுன் எதன் முன்னும் நின்றதில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. ஆனால் சனிக்கிழமை காலைகள் வாத்தியக் குழுவின் ஒத்திகைக்குச் சொந்தம். அடுத்த ஆண்டுக்கும் வருவதாகப் பெற்றோர் கையெழுத்துப் போடும் தாளை, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நகரத் திருவிழா அணிவகுப்பன்று ஃப்ராவ் கெஸ்லர் கொண்டுவருவார். அப்பா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மின்சுற்று வகுப்பு போய்விடும். அடுத்த கோடையும் பிறையும் வந்துவிடும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியம் எழுதினேன். ஜெர்மனில் எட்டுச் சொற்கள், தமிழில் இப்படி வரும்: கோடைக்குப் பிறகு நான் இதில் இருக்க விரும்பவில்லை. சனிக்கிழமை முழுக்க அதைப் பாடமாக்கினேன்.

ஞாயிறன்று நல்ல வெயில். அணிவகுப்பு தொடங்கும் சதுக்கத்தில் வறுத்த "வூர்ஸ்ட்" தொத்திறைச்சி மணமும், பைக்குழல்களைச் சுருதி கூட்டும் இரைச்சலும் நிறைந்திருந்தன. அம்மாவும் அப்பாவும் முதல்முறையாக முழு அணிவகுப்பையும் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா கத்தரிப்பூ நிறச் சேலையில், அப்பா கோயிலுக்குப் போடும் சட்டையில். காலையிலேயே என்னைத் தைத்தாகிவிட்டது. கம்பளிக்குள் வியர்வை ஓடியது. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதி இன்னும் இறுகும் என்பதால், நான் காலையிலிருந்து குடிக்கவில்லை.

ஃப்ராவ் கெஸ்லர் அட்டையில் செருகிய தாளோடு வந்தார். "அடுத்த ஆண்டுக்கு," என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"யா, யா, கேர்ன."

நான் வாயைத் திறந்தேன். எட்டுச் சொற்களும் எங்கோ போய்விட்டன. வந்தது வேறு: "ஃப்ராவ் கெஸ்லர், இந்தப் பை வலிக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். அட்டையை, தரையில் நான் இறக்கிவைத்திருந்த மேளத்தின் மேல் வைத்துவிட்டு, முழங்கால்கள் நெரியக் குந்தியிருந்து, தகட்டுக்கும் எனக்கும் நடுவே இரண்டு விரலை நுழைக்கப் பார்த்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை. "எவ்வளவு காலமாக?"

"போன வருடத்திலிருந்து."

"குழந்தாய், மேளக்காரர்கள் இதை இடுப்பின் ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிட்டுக்கொள்வார்கள். மேளம் இருக்கும் இடத்தில் பை இருக்கக் கூடாது. பட்டை இடுப்பெலும்பில் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களைப் பார்த்ததில்லையா நீ?"

பார்த்திருந்தேன். எல்லா மேளக்காரர்களின் ஸ்போரனும் பக்கவாட்டில் தொங்குவதை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்களுடையதெல்லாம் நழுவிவிட்டது என்று நினைத்தேன். உடுத்திவிட வீட்டில் ஆள் இல்லாத மனிதர்கள், பாவம் என்று நினைத்தேன்.

"என்னவாம் பிள்ளை? என்னவாம்?" அம்மா என் தோளைத் தட்டினார். வழக்கம்போல என் தலைக்குள் மூன்று மிருதுவான மொழிபெயர்ப்புகள் தயாராகின. வயிற்றில் தகடு அழுத்தியது. மூன்றையும் விட்டுவிட்டேன்.

"நீங்கள் தைச்சது பிழையாம். மேளம் அடிக்கிறவை பக்கத்துக்குத் தள்ளிவிடுறவையாம். ஒரு வருசமா எனக்கு வயித்தை வெட்டுது."

அம்மா ஃப்ராவ் கெஸ்லரை நேராகப் பார்த்தார். "அப்ப உவ ஏன் ஒரு வருசமாப் பாத்துக்கொண்டு நிண்டவ? கேள்."

கேட்டேன். ஃப்ராவ் கெஸ்லரின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு உன் அம்மா என்னோடு பேசவே இல்லை. தைத்திருப்பதைப் பார்த்தேன். பைக்குள் சாம்பல் மாதிரி ஏதோ பொட்டலம் இருப்பதையும் பார்த்தேன். உங்கள் சமய வழக்கமாக இருக்கும், இன்னொருமுறை வாயைத் திறந்து அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன்."

ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன்.

"சமயமோ?" என்றார் அம்மா. அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். "இஞ்சாருங்கோ, கேட்டியளோ! நான் தைச்சது சமயமாம்!" என்று அப்பாவின் பக்கம் திரும்பியவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினார், முடியவில்லை. ஏன் என்று புரியாமலே ஃப்ராவ் கெஸ்லரும் சிரிக்கத் தொடங்கினார். இரண்டு பெண்களும் சிரித்து முடியும்வரை, அப்பா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

அம்மா கைப்பையிலிருந்து வளைந்த கத்தரிக்கோலை எடுத்து, குனிந்து, நீல நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசித் தையல் விட்டதும் வெள்ளாடு சட்டென்று இறங்கி, பட்டையோடு, ஒரு வருடத்தில் வளர்ந்திருந்த என் இடுப்பெலும்பில் தங்கியது. மூச்சு வயிறு முழுக்க நிறைந்தது. அம்மா தன் கையாலேயே பையை இடுப்பின் வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப சரியோ?"

"ஓம்."

"பிறகேன் முகம் உப்பிடிக் கிடக்கு?"

மேளத்தின் மேல் கிடந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அந்தத் தாளைப் பார்த்தார்.

"பை மட்டுமோ? இல்லை, முழுக்க ஏலாதோ?"

"முழுக்க ஏலாது அம்மா."

"மெதுவாக் கதை!" என்றார் அப்பா, ஃப்ராவ் கெஸ்லருக்குத் தமிழ் விளங்கிவிடும் என்பதுபோல. "அந்த மனுசி இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு எங்கை நிண்டிருப்பம்? நன்றி கெட்ட ஆக்கள் எண்டெல்லோ நினைக்கப்போகுது."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஃப்ராவ் கெஸ்லர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கத்தரிக்கோலை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "என்னைப் பாக்காதை. எனக்கு டொச் பாசை வராது, கொப்பருக்கு ஒரு சொல்லுத்தான் வரும். நீதான் சொல்லவேணும்."

அதுவரை நான் எத்தனையோ பேருடைய வாக்கியங்களை எத்தனையோ மேசைகளில் சொல்லியிருக்கிறேன்: அப்பாவின் முதுகுவலியை வைத்தியரிடம், அம்மாவின் சந்தேகங்களை அலுவலகத்தில், ஆசிரியையின் பாராட்டைக் கொஞ்சம் குறைத்து வீட்டில். எனது வாக்கியத்தை நான் சொன்னதில்லை. எட்டுச் சொற்களும் திரும்பி வந்தன. சொன்னேன். அதன்பின், யாரும் கேட்காமலே, அப்பா சொன்னதையும் அப்படியே சேர்த்துச் சொன்னேன்.

ஃப்ராவ் கெஸ்லர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "இரண்டு கடிதம் தட்டச்சு செய்தேன். அதற்கும் மேளத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் 'கேர்ன' என்றீர்கள். அவளுக்கு விருப்பம் என்று நினைத்தேன்." அப்பாவின் கையிலிருந்த பேனையை எடுத்து, தாளில் என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனையைத் திருப்பி அப்பாவின் சட்டைப்பையிலேயே செருகினார். எல்லாம் அரை நிமிடம். "இன்றைக்கு அடிப்பாய்தானே?"

அவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது. அரை நிமிடத்தில் திறக்கும் கதவுக்கு முன்னால் ஒரு வருடம் நின்றிருக்கிறேன்.

அன்று அடித்தேன். அணிவகுப்பு சதுக்கத்திலிருந்து புறப்பட்டு, பிரதான தெருவில் இறங்கி, ரயில் பாலத்தின் அடியில் நுழைந்தபோது பைக்குழல்களின் ஓசை சுவர்களில் மோதி இரட்டிப்பாயிற்று. இடது கால் போனது, இடிக்கவில்லை. வலது கால், இடிக்கவில்லை. ஸ்போரன் இடுப்பில் தன்பாட்டுக்கு ஆடியது. நீளமான வெள்ளை மயிர் ஒவ்வொரு எட்டுக்கும் தொடையோரம் உரசித் திரும்பியது, எனக்கென்று தனியாக ஒரு தாளம் போடுவதுபோல. வருடம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்த பொருள், அன்று என் பக்கத்தில் நடந்து வந்தது. பாலத்தின் அடியில், வாழ்க்கையில் முதல்முறையாக, நான் எண்ணாமல் அடித்தேன். மிக நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் அன்று தாங்க முடியவில்லை. ஓடிப்போய் என் பெயரின் மேல் போட்ட கோட்டை அழிக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு நாளில் இரண்டு உண்மைகளைச் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இருக்கவில்லை. திங்கட்கிழமை, அப்பா கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்தேன். பன்னிரண்டில் ஒன்பதாவது இடம் எனக்குக் கிடைத்தது.

இப்போது நான் டார்ம்ஸ்டாட்டில் வேலை செய்கிறேன். உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடும் சிறு மருத்துவக் கருவிகளுக்குப் பட்டைகளும் உறைகளும் வடிவமைப்பது எங்கள் பிரிவின் வேலை. சோதனைக்கு வருகிறவர்களிடம், "இது வசதியாக இருக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை, முக்கால்வாசிப் பேர் ஓம் என்றுதான் சொல்வார்கள். எங்கே உறுத்துகிறது என்று கேட்பேன். அப்போதும் எங்கேயும் இல்லை என்றால், பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பேன்.

இந்த வசந்தத்தில் ஒரு பொதி வந்தது. ஃப்ராவ் கெஸ்லர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வடக்கே கடலோரத்தில் இருக்கும் தன் தங்கையிடம் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. வாத்தியக் குழு கலைந்துவிட்டது. குழல் ஊதுகிறவர்களுக்கு வயதாகி மூச்சுப் போதாமல் போய்விட்டது, புதியவர்கள் வரவில்லை. சாமான்களைப் பங்கிட்டபோது இதை உனக்கென்று எடுத்துவைத்தேன் என்று, இன்னமும் தட்டச்சு செய்த கடிதம். உள்ளே வெள்ளாடு. மயிர் மஞ்சளாகியிருந்தது. தோல் ஓரத்தில், அம்மாவின் ஊசி போன துளைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் நீல நூல் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. மணம் மட்டும் இல்லை. முகத்தருகே வைத்துப் பார்த்தேன்; பெட்டியின் காகித வாசம்தான் வந்தது.

எசனில் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து மின்தூக்கி வைத்துவிட்டார்கள். ஐம்பத்து நான்கு படிகளை இப்போது யாரும் எண்ணுவதில்லை. அம்மா இன்றும் மணப்பெண்களுக்கு உடுத்திவிடுகிறார்; ஆனால் கட்டி முடித்ததும் "ஒருக்கா இருந்து பார் பிள்ளை, குனிஞ்சு பார்" என்கிறாராம். அப்பாவின் "யா, யா, கேர்ன" எந்த ஆண்டில் காணாமற் போனது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தொலைபேசியில் எதையாவது விற்க வருகிறவர்களிடம் அவர் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் "நைன்" அடுத்த அறைவரை கேட்கிறது.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது, கதவருகே கொக்கியில் தொங்கிய ஸ்போரனை அப்பா கண்டார். "அட, வெள்ளாடு!" என்று தடவிப் பார்த்தார். உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை, உது முதல் நாளே சரியா இருந்திருந்தால், மேளத்தை விட்டிருப்பியோ?"

"தெரியேல்லை அப்பா."

உண்மையாகவே தெரியவில்லை. ஒரு காரணத்தை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் நடத்திப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்று என் படிப்பு சொல்கிறது. அதற்கு இனிக் குழு இல்லை, பாலத்தின் அடியில் இரட்டிப்பாகும் அந்த ஓசை இல்லை, பதின்மூன்று வயது இடுப்பும் இல்லை. அப்பா எசனுக்குத் திரும்பிய பிறகு, ஸ்போரனைக் கொக்கியிலிருந்து எடுத்து ஜீன்ஸுக்கு மேலே கட்டினேன். பட்டை நடுத் துளையில் சரியாகப் பொருந்தியது. வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, சமையலறைக்கும் கதவுக்கும் இடையே ஒருமுறை நடந்து பார்த்தேன். எங்கேயும் உறுத்தவில்லை.